உப்பு எந்தத் துறையைச் சேர்ந்தது?

(வேலூரில் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பேராசிரியர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

சுற்றுச்சூழல், கல்வி, சமூகம் மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். வரையறைகளை நீங்களே படித்துக்கொள்ளலாம். பழைய வட ஆர்க்காடு மண்ணில் நின்று பேசும்போது உதாரணத்துக்கு வெளியே போகத் தேவையில்லை.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் ராத்திரி நேரத்தில் இடிந்தது. உள்ளே தேங்கியிருந்த தோல் கழிவுச் சேறு பக்கத்தில் இருந்த தொழிற்கூடத்துக்குள் பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அங்கேயே படுத்துத் தூங்கியவர்கள். சுவர் ஏன் இடிந்தது என்று கட்டடப் பொறியியல் சொல்லும். சேற்றில் என்ன இருந்தது என்று வேதியியல் சொல்லும். இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குப் படுக்க வேறு இடம் ஏன் இல்லை என்பதைச் சமூகவியல் கேட்க வேண்டும். அத்தனை சேறு அங்கே தேங்கும்வரை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது நிர்வாகத்தின் கேள்வி. நான்கு பேர் நான்கு ஆய்வேடு எழுதி நான்கு அலமாரியில் வைத்துவிட்டால், அந்த ராத்திரி நடந்தது எதிலும் முழுதாக இருக்காது. எனக்கு இதில் கோபம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு பேச வரவில்லை.

உப்பை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான். பச்சைத்தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. தொழிற்சாலையில் முதல் வேலை அதை ஊறவைப்பது. போட்ட உப்பு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்கு அப்புறம்தான் முடி நீக்கச் சுண்ணாம்பு, தோலைப் பதனிடக் குரோமியம் எல்லாம். சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் படியவைக்கலாம், அழுகும் கழிவை நுண்ணுயிர்களை விட்டுத் தின்னச் செய்யலாம். கரைந்த உப்பு இதற்கெல்லாம் அசையாது. அதைப் பிரிக்க, வீட்டில் வைத்திருக்கிறோமே ஆர்.ஓ., அதையே பெரிய அளவில் வைக்க வேண்டும். அப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், இன்னொரு பக்கம் அடர்ந்த உப்புநீர். அந்த உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்கினால் கடைசியில் பலவகை உப்பு கலந்த ஒரு குவியல் மிஞ்சும். சமையலுக்கு ஆகாது, திரும்பத் தோலுக்குப் போடவும் லேசில் ஆகாது. மழை படாமல் மூடிவைத்துக் காக்க வேண்டும். நனைந்தால் கரைந்து மறுபடி நம் நிலத்துக்கே வரும்.

பொறியாளர் இதுவரை கொண்டுவந்து விட்டார். இனி அந்தக் குவியலை எங்கே வைப்பது, யார் செலவில் வைப்பது, எந்த ஊர்க்காரர் வீட்டுப் பக்கத்தில் வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் சொல்லும் கருவி பொறியியல் ஆய்வகத்தில் கிடையாது.

இந்த உப்பும் குரோமியமும் நிலத்துக்கும் கிணற்றுக்கும் போனதை எதிர்த்துத்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்கச் சட்டம் படிக்கும் மாணவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். தீர்ப்பைத் திறந்து பாருங்கள். தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு. நாக்பூரிலிருந்து வந்த நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தாரின் அறிக்கையும் இருக்கிறது. மண்ணைப் படித்தவர், தண்ணீரைச் சோதித்தவர், வழக்கறிஞர், கிணறு கெட்டுப்போன குடியானவர் எல்லோரும் ஒரே வழக்கில் வந்து சேர்ந்தார்கள். பலதுறை ஆய்வு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் வேலை நடந்தது. முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2025 ஜனவரியிலும் வேலூர் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வழக்கில் சேர்ந்த கூட்டத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது பள்ளிக்கூடம். கிணறு உப்பான ஊரில் குடிதண்ணீருக்கு நடந்தது யார்? அந்த வீட்டுப் பெண் எந்த வகுப்பில் படிப்பை விட்டாள்? நிலம் போனவர் மகன் எந்த வேலைக்குப் போனான், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார்களின் சம்பளம் மகளின் படிப்புக்கு எவ்வளவு போகிறது? பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் நிலத்தடி நீர்ப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வு வேண்டும். கல்வியியல் துறையும் நிலவியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

மருத்துவத்தில் ஒரு உதாரணம். வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்து, மூன்று வயதுவரை வீடு வீடாகப் போய் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைக் கவனித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில் இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்குக் கடுமையான நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்தது. நம் குழந்தைகளுக்கு மூன்று முறை வந்த பிறகும் 79 சதவீதம்தான். தடுப்பூசி பற்றி யோசிப்பவர்களுக்கு இது பெரிய செய்தி. ஆனால் ஏன் இவ்வளவு சின்ன வயதில், இவ்வளவு அடிக்கடி தொற்றுகிறது என்று கேட்டால் பேச்சு சாக்கடைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வீட்டு நெரிசலுக்கும் வந்துவிடும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டு நெல் கிராமங்களை ஆராய்ந்தன. புவியியல், பொருளியல், மானிடவியல் என்று ஆட்கள் கலந்து வந்தார்கள். ராபர்ட் சேம்பர்ஸ், ஜான் ஹாரிஸ், பார்பரா ஹாரிஸ் எல்லாம் அந்தக் குழுதான். அதிக விளைச்சல் தரும் நெல் ரகங்கள் அரசுக் கணக்கு சொன்ன அளவுக்கு ஊர்களில் பரவவில்லை என்று கண்டார்கள். கிணறும் பம்புசெட்டும் யாரிடம் இருந்தன என்பதைப் பார்த்தால்தான் காரணம் புரியும். அதே ஊர்களில் 1980களிலும் 1990களிலும் திரும்பக் கணக்கெடுத்தார்கள். ஆரணி, செய்யாறு பக்கத்து மாணவர்களே, உங்கள் தாத்தா காலத்துப் பயிர்க் கணக்கு இப்படி வரிசையாகக் கிடைப்பது அபூர்வம். அடுத்த கணக்கெடுப்பை நீங்கள் எடுக்க வேண்டும்.

அந்த சேம்பர்ஸ் பின்னாளில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: வெளியிலிருந்து வருபவர்கள் தார் ரோட்டை ஒட்டிய ஊர்களை, மழையில்லாத மாதங்களில் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று. நம்மில் பலரும் இன்றைக்கும் அதையேதான் செய்கிறோம். ஜவ்வாது மலைக்குப் போவதென்றால் கோடை விழா சமயத்தில் ஜமுனாமரத்தூர்வரை பஸ்ஸில் போய், நாலு பேரிடம் படிவம் நிரப்பி, சாயங்காலமே இறங்கிவிடுகிறோம். மழைக்காலத்தில், ரோடு முடிந்த பிறகும் நடக்க வேண்டிய ஊரில், சாமை விதைக்கும் நேரத்தில் போங்கள். அந்த வாரம் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று வாத்தியாரைக் கேளுங்கள். கோடையில் கிடைத்த பதில் இருக்காது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு துறையில் இரண்டு நெறியாளர் வேண்டும் என்று கேளுங்கள். விதி இடம் கொடுக்காவிட்டால் ஆய்வுக் குழுவிலாவது வெளித்துறை ஒருவரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் துறைக்கு வெளியே ஒரு முறையையாவது கையால் கற்றுக்கொள்ளுங்கள். சமூகவியல் மாணவர் தண்ணீரின் உப்பளவை மீட்டர் வைத்துப் பார்க்கக் கற்க ஒரு மதியம் போதும். வேதியியல் மாணவர் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து பேசக் கற்க அதைவிட அதிக நாள் ஆகும், அதனால் முன்னாலேயே தொடங்குங்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் பலருக்கு உண்டு, புரிகிறது. ஆனால் மாதிரி எடுத்த கிணற்றுக்காரருக்கு முடிவைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், கிராம சபையில் வாசியுங்கள். அவர் கிணற்று நீரின் அளவீடு அவருக்குத் தெரியாமல் பன்னாட்டு இதழில் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதிய அமர்வில் தலைப்பு தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். உப்புக் குவியலை எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் வேதியியலில் ஒருவர், பொருளியலில் ஒருவர், கல்வியியலில் ஒருவர் என்று மூன்று பேராக வாருங்கள். தனி ஆளாக வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டரை மணிக்கு இதே அரங்கில் இருக்கிறேன்.