ஒரு கல்லூரியின் கப்பல் இன்னொரு கல்லூரிக்குப் போனபோது

அவையோருக்கு வணக்கம்.

2012-இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சிக் கப்பல் கைமாறியது. நியூயார்க் மாநிலம் கிங்ஸ் பாயிண்டில் உள்ள மத்திய அரசின் வணிகக் கப்பல் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக இருந்த ‘கிங்ஸ் பாயிண்டர்’, டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் உள்ள, ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கடல்சார் கல்லூரிக்குப் போனது. ‘ஜெனரல் ரட்டர்’ என்று பெயரும் மாறியது. இரண்டாம் உலகப் போரில், நார்மண்டி தரையிறக்கத்தின்போது ரேஞ்சர் என்ற சிறப்புப் படைப்பிரிவை நடத்தி, பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானவரின் பெயர் அது.

அந்தக் கப்பலுக்கு அது முதல் இடமாற்றமும் இல்லை. சோவியத் நீர்மூழ்கிகளின் சத்தத்தைக் கேட்பதற்காகக் கடற்படைக்குக் கட்டப்பட்ட ‘கண்டெண்டர்’தான் அது. பனிப்போர் முடிந்து வேலை இல்லாமல் போக, 1992-இல் கல்லூரிக்கு வந்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பயிற்சிக் கப்பல்கள் பொதுவாக மத்திய அரசின் கடல்சார் நிர்வாகத்துக்குச் சொந்தம். கல்லூரி அதை வைத்து ஓட்டலாம், பெயர் எழுதலாம். கொடுத்தவர் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பறித்துக்கொண்டு போனது அநியாயம் என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை.

கப்பல் அதிகாரிக்கான லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டுமென்றால் கடலில் கழித்த நாட்களைக் கணக்குக் காட்ட வேண்டும். கிங்ஸ் பாயிண்ட் மாணவர்கள் படிப்பின் நடுவே 300 நாளுக்கு மேல் நிஜமான சரக்குக் கப்பல்களில் வேலை செய்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் இப்படிக் கப்பலேறிய மாணவர்களில் 142 பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்த ஏற்பாடு அவ்வளவு பழையது, அவ்வளவு உறுதியானது. கால்வெஸ்டன் மாணவர்களுக்கோ சொந்தக் கப்பலே இல்லை. கலிபோர்னியாக் கல்லூரியின் ‘கோல்டன் பேர்’ போன்ற கப்பல்களில் இடம் கேட்டுத்தான் கடல் நாட்களைச் சேர்த்தார்கள். இருக்கிறவரிடமிருந்து இல்லாதவருக்குப் போனது நியாயமே.

ஆனாலும் கிங்ஸ் பாயிண்ட் எதை இழக்கவிருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சரக்குக் கப்பலில் கேடட், அதாவது பயிற்சி மாணவன், என்ன செய்வான்? கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் காவல்முறை நிற்பான், இன்ஜின் ரூமில் டார்ச்சோடு குனிந்து ஒவ்வொரு குழாயாகத் தடம் பிடித்து நோட்டில் படம் வரைவான். எல்லாம் கற்பான். ஆனால் கப்பலை ஜெட்டியோடு சேர்த்து நிறுத்தும் நேரத்தில் பத்தொன்பது வயதுப் பையன் கையில் எந்த கேப்டனும் கப்பலைக் கொடுக்க மாட்டார். கம்பெனியின் சரக்கு, துறைமுக வாடகை, துறைமுக வழிகாட்டியான பைலட்டின் காத்திருப்பு என்று எத்தனையோ இருக்கிறது. கல்லூரிக் கப்பலில் அவனே ஆர்டர் கொடுப்பான். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, இன்ஜினை ரிவர்ஸில் போட்டால் முன்பக்கம் எங்கே திரும்புகிறது என்று பார்ப்பான். தவறினால் ஆசிரியர் வாங்கிக்கொள்வார், மறுபடி வெளியே கொண்டுபோய் மறுபடி ஜெட்டியில் சேர்க்கச் சொல்வார். கைவிட்டுப் போன கப்பலுக்கு மாற்றாக, நாசா விண்வெளி ஓடங்களை மேலே தள்ளிவிட்டுக் கடலில் விழும் பூஸ்டர்களை அங்கிருந்து இழுத்து வந்த ‘லிபர்ட்டி ஸ்டார்’ கிங்ஸ் பாயிண்டுக்குக் கிடைத்தது. அதைவிடச் சிறிய கப்பல்தான், ஆனால் இந்தப் பாடம் நிற்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கால்வெஸ்டனுக்குக் கொடுத்த கப்பலின் நீளம் 224 அடி. சிறு குழுவுக்காகக் கட்டியது. கல்லூரி கேடட்கள் எல்லோரையும் அதில் ஏற்ற முடியாது. கைமாற்றிய பிறகும் அவர்கள் அடுத்தவர் கப்பலில் இடம் தேட வேண்டியிருந்தது. நியூயார்க் மாநிலக் கல்லூரியிலோ 1960-களின் தொடக்கத்தில் கட்டிய நீராவிக் கப்பல் 2020-களிலும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கப்பல்களை இங்குமங்கும் மாற்றியே எத்தனை வருடம் ஓட்டினார்கள்! 2018 பட்ஜெட்டில்தான் பயிற்சிக்கென்றே முதல் புதிய கப்பலைக் கட்ட 30 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மொத்தத் திட்டம் ஐந்து மாநிலக் கல்லூரிகளுக்கு ஐந்து கப்பல். ஒவ்வொன்றிலும் 600 கேடட்கள். பிலடெல்பியாவில் கட்டிய முதல் கப்பல் 2023-இல் நியூயார்க்குக்குப் போனது. டெக்சாஸுக்கென்றும் ஒன்று அந்த வரிசையில் உண்டு.

நம் நாட்டிலும் 1927-இல் பம்பாயில் ‘டஃப்ரின்’ என்ற பயிற்சிக் கப்பல் இருந்தது. 1972-இல் ‘ராஜேந்திரா’ வந்தது. 1993-இல் அதன் இடத்தில் வந்த ‘சாணக்யா’ கப்பலே அல்ல, கரையில் நிற்கும் கட்டடம். இன்று நம் பிள்ளைகள் கரையில் படித்து முடித்து, கப்பலில் வேலை செய்வதற்கான சி.டி.சி. என்ற அரசு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற ஒரு கப்பல் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டிய வீடுகள் உண்டு.

ஆகவே இங்கே வந்திருக்கும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். அட்மிஷனுக்குப் போகும்போது வளாகத்தில் நிற்கும் மாதிரிக் கப்பலைக் காட்டுவார்கள். பாருங்கள், தப்பில்லை. பார்த்துவிட்டு, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள், எந்தக் கம்பெனியில் ஏறினார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.