கோடையில் கூடும் அலுமினியம்

வணக்கம் நேயர்களே. ஒன்ராறியோ ஏரித் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடிக்கிறவர்கள் நாம். சுத்திகரிக்கும்போது அதில் அலுமினியம் அடங்கிய படிகாரம் போடுகிறார்களே, அந்த அலுமினியம் நம் வயிற்றுக்குள்ளும் போகுமா? கொஞ்சம் போகும். எவ்வளவு என்பதில் தண்ணீரின் சூட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

படிகாரம் தண்ணீரில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, அழுக்கையும் கிருமிகளையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். குளிர்காலத்தில் இந்த வேலை மந்தமாகிவிடும். 5 பாகை செல்சியஸ் தண்ணீர், 25 பாகைத் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடிப்பானது. திரள்கள் பொடியாகவே நின்றுவிடும், இலகுவில் படியாது. சில மணல் வடிகட்டியையும் தாண்டி வந்துவிடும்.

சரி, கோடையில் நன்றாகத் திரள்கிறதே, அப்போது அலுமினியம் குறையத்தானே வேண்டும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏரித் தண்ணீரின் பிஎச், அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு, 8-ஐ ஒட்டியது. பிஎச் மாறாமல் தண்ணீர் மட்டும் 5 பாகையிலிருந்து 25 பாகைக்குச் சூடானால், அதிலுள்ள காரத்தன்மை தரும் ஹைட்ரொக்சைட் அயன்கள் ஏறத்தாழ 5 மடங்காகும். அவை அலுமினியத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கரைந்ததை மணல் பிடிக்காது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், அலுமினியம் கூடியிருக்கும். கோடையில் பிஎச்சைச் சற்று இறக்கித் திரள வைத்து, குழாய்கள் அரிக்காதபடி பிறகு ஏற்றினால் இது குறையும்.

எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று பார்க்க, ஆலைகளில் ஜார் டெஸ்ட் என்று ஒன்று செய்வார்கள். வரிசையாகக் குவளைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அளவு படிகாரம், மெதுவாகச் சுழலும் துடுப்புகள். பெப்ரவரித் தண்ணீரைக் கதகதப்பான அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டுச் சோதித்தால் திரள்கள் அழகாக வரும். ஆனால் வெளியே தொட்டியில் அப்படி நடக்காது. ஏரியின் குளிரிலேயே சோதிக்க வேண்டும்.

குடிதண்ணீரில் உள்ள அலுமினியத்துக்குக் கனடாவின் சுகாதாரத் துறை 2021-இல் விதித்த உச்ச வரம்பு லீற்றருக்கு 2.9 மில்லிகிராம். ஆலைகளுக்கான இலக்கு 0.1 மட்டுமே. அது ஆலை ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டும் எண்.

அதற்காகப் படிகாரத்தையே குறைக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2001 வசந்தத்தில் சஸ்காட்சுவானின் நோர்த் பாட்டில்ஃபோர்டில், பராமரிப்புக்குப் பிறகு திரள்கள் சரியாகப் படியவில்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக் கிருமி குழாய்த் தண்ணீரில் வந்தது. 5,800 முதல் 7,100 பேர் வரை நோயுற்றதாக மதிப்பிட்டார்கள்.

உங்கள் நகரத்தின் தண்ணீர் அறிக்கையைப் பாருங்கள். ஆண்டுச் சராசரியோடு விட்டுவிடாமல், ஆகஸ்ட் மாத அலுமினிய அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.