பஜ்ஜி என்று சொன்ன பேராசிரியருக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்கு மட்டும் வணக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒரு கணக்குத் தீர வேண்டும், தீர்ந்ததும் சொல்கிறேன்.

சாக்லேட்டில் தோய்த்த பழங்களைக் குச்சியில் குத்திப் பூங்கொத்தாக அடுக்கிப் பரிசு தருகிறார்கள். அதை வீட்டில் செய்து தருவது சிறப்பா, கடையில் வாங்கித் தருவது சிறப்பா என்பது தலைப்பு. எங்கள் அணி வீட்டுப் பக்கம். இதற்கு மேல் தலைப்பைப் பற்றிப் பேசப் பெரிதாக எனக்கு ஆசை இல்லை. ஏனென்றால் எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "வாழைக்காயை மாவில் முக்கினால் பஜ்ஜி, பழத்தைச் சாக்லேட்டில் முக்கினால் மட்டும் பூங்கொத்தா? முக்கி எடுக்கிற வேலைக்கு எதற்கு வீடு, எதற்குப் பாசம்?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. என் வீட்டுக்காரர்தான் முதலில் தட்டினார். அவரை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

பேராசிரியரே, பஜ்ஜி மாவு கெட்டியானால் தண்ணீர் விடுவோம், நீர்த்துப்போனால் மாவு போடுவோம். அது எதையும் மன்னிக்கும். உருக்கிய சாக்லேட் மன்னிக்காது. அதில் உருகி ஓடுவது கொழுப்பு. அதற்குள்ளே சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதக்கின்றன. ஈரக் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் போதும், சர்க்கரை அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே திரிந்து களிமண் ஆகிவிடும்.

பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்தால் போதும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும், 28-க்கு இறக்க வேண்டும், மறுபடி 31, 32-க்கு ஏற்றி அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் பழத்தின்மேல் மினுமினுப்பாக இறுகும், கடித்தால் சத்தத்தோடு உடையும். தவறினால் மறுநாள் மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து நிற்கும். பஜ்ஜி போடுகிறவரிடம் போய் "அண்ணே, எண்ணெய் 32 டிகிரியில் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், கரண்டியோடு துரத்துவார். இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்குக் காம்பவுண்ட் சாக்லேட் இருக்கிறது. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. உருக்கித் தோய்த்தால் தானாக இறுகிவிடும். ருசி கொஞ்சம் முன்னே பின்னேதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் வாயில் ஏன் பஜ்ஜி வந்தது? வடை வரவில்லை, கேக் வரவில்லை. அந்த பஜ்ஜி யார் கை பஜ்ஜி? அதோ மூன்றாவது வரிசையில் உங்கள் வீட்டம்மா சிரிக்கிறார். வீட்டில் செய்ததை நினைத்துக்கொண்டே கடைக்கு வாதாட வந்திருக்கிறீர்கள்! கணக்குத் தீர்ந்தது. எதிரணிக்கு வணக்கம்.

பேராசிரியர் அமெரிக்கக் கதை ஒன்றும் சொன்னார். 1999-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தாரிக் ஃபரீத் என்பவர் பழப் பூங்கொத்துக்கென்றே கடை திறந்தார், ஊர் ஊராகக் கிளை பரப்பினார். உண்மைதான். பூக்கடை நடத்தியவர் பழத்தையே பூவாக வெட்டினார், அந்த அறிவுக்குத் தலை வணங்குகிறேன். கடைக்காரருக்கு அது பிழைப்பு. நமக்கு என்ன அவசரம்?

இப்போது என் கொழுந்தனார் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் இதைக் கேட்காதவர்கள் கிடையாது.

வேலூர். மே மாதம். வெயில் நாற்பதைத் தாண்டி நிற்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். கடைக்காரர் பைக்கில் அனுப்பினால் வாசலுக்கு வந்து சேர்வது சாக்லேட் குழம்பு. என் ஓரகத்திக்கு மறுநாள் பிறந்தநாள். கொழுந்தனார் அடுப்புப் பற்றவைத்து யாரும் பார்த்ததில்லை. அவர் சொல்கிறார், "நானே செய்கிறேன்."

முதல் சிக்கல், ஸ்ட்ராபெரி. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரியெல்லாம் குளிர்காலச் சரக்கு. மே மாத வேலூரில் அதைத் தேடி அலைந்திருக்கிறார். கடைசியில் அன்னாசி, செவ்வாழை, கறுப்புத் திராட்சை, கிர்ணிப் பழம் என்று வாங்கி வந்தார். கழுவினார். துடைக்கவில்லை. சாக்லேட்டை உருக்கி ஈரத் திராட்சையை முக்கினார். திரிந்தது. இளக்கிவிடலாம் என்று ஒரு கரண்டிப் பால் விட்டார். இன்னும் திரிந்தது. இரவு பத்து மணிக்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்கிறார்.

மாமியார் எழுந்து வந்தார். எட்டிப் பார்த்தார். "இன்னும் அரை டம்ளர் பாலைச் சூடாக்கி ஊற்று" என்றார். கொழுந்தனார் அலறினார், "அம்மா, ஒரு கரண்டிக்கே இந்தக் கதி!" மாமியார் கேட்கவில்லை, ஊற்றிக் கிண்டினார். கொஞ்சமாய் ஈரம் பட்டால் திரிகிற அதே சாக்லேட், நிறைய சூடான பால் விட்டுக் கிண்டினால் கூழாக இளகிக்கொடுக்கும். பழத்தின்மேல் இறுகாது, வழித்துத் தின்னலாம். வழித்தது யார் என்பதில் இன்றுவரை வழக்கு இருக்கிறது.

அதன் பிறகு, மிச்சமிருந்த சாக்லேட்டை உருக்குவதற்கு, அடுப்படி மாமியார் ஆட்சி. "துண்டால் ஒற்றி எடு. குளிர்பெட்டிப் பழத்தை உடனே முக்காதே, வியர்க்கும். கொதிக்கிற தண்ணீரை இறக்கி வைத்து அதன்மேல் கிண்ணத்தை வை, கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது." வாழ்நாளில் சாக்லேட் உருக்காதவர், மைசூர்பாகு கிளறிய கை! அன்னாசி வில்லை பூவானது, கிர்ணி உருண்டை நடுவில் மகரந்தமானது, செவ்வாழைத் துண்டு சாக்லேட் சட்டை போட்டுக்கொண்டது. குச்சிகளைக் குத்தி நிறுத்த ஒன்றும் இல்லை. மாமியார் ஒரு முழு முட்டைக்கோஸைப் பித்தளைச் சொம்பில் இறுக்கி வைத்து, "இதில் குத்து" என்றார். மேலே புதினாத் தழையைப் பரப்பிவிட்டால் கோஸ் தெரியவே இல்லை.

பூங்கொத்தை ஓரகத்தி சாப்பிட்டாள். பூந்தொட்டியை மறுநாள் பொரியலாக நாங்கள் சாப்பிட்டோம். சல்லடை மாதிரி ஓட்டை விழுந்த கோஸ்! என் வீட்டுக்காரர் ஒரு துண்டை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பக்கம் தம்பி தெரிகிறானா என்று பார்த்தார்.

இது கொழுந்தனார் சொல்லும் கதை. இதையே மாமியார் சொன்னால் கொழுந்தனார் கதையிலேயே இருக்க மாட்டார்: "நான் செய்தேன், அவன் பிசுபிசுத்த கையோடு பக்கத்தில் நின்றான்", அவ்வளவுதான். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அரை டம்ளர் பால் ஒரு டம்ளராகிக்கொண்டே வருகிறது. போன தீபாவளிக்கு ஒரு சொம்பாகிவிட்டது.

நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள். ஓரகத்தி சொல்லும் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று இரவு அவள் தூங்கவே இல்லை. பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பாத்திரம் விழுந்தது, பால் பொங்கியது, "துடைக்கச் சொன்னேனே, கேட்டாயா!" என்ற மாமியார் குரல், எல்லாம் அவள் காதில் விழுந்தன. வீடு முழுக்கச் சாக்லேட் வாசனை. சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தாளாம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டதாம்.

அவளுக்கு அம்மா இல்லை. பள்ளிக்கூட வயதிலேயே போய்விட்டார். பிறந்தநாளுக்கு முந்தின இரவு, அடுப்படியில் தனக்காக ஒருவர் திட்டிக்கொண்டே எதையோ கிளறுகிற சத்தம் அவள் வாழ்க்கையில் அன்றோடு நின்றுபோயிருந்தது. காலையில் அந்தச் சொம்பைப் பார்த்துத் தெரியாததுபோல் ஆச்சரியப்பட்டாள், நன்றாகவே நடித்தாள். ஓர் அன்னாசிப் பூ கோணலாகச் சாய்ந்திருந்தது. அதைத்தான் முதலில் எடுத்தாளாம்.

கடைப் பூங்கொத்தில் கோணல் இருக்காது, பேராசிரியர் சொன்னது சரி. சுத்தம், அளவு, பெட்டி, ரிப்பன், எல்லாம் சரி. விடுகிறேன், அந்தப் பாயிண்டுகளையெல்லாம் உங்கள் அணியே எடுத்துக்கொள்ளட்டும்.

"ஏன் நீ எழுந்து போய்ப் பார்க்கவில்லை?" என்று அவளிடம் கேட்டேன். "போனால் சண்டை நின்றுவிடுமே அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று படுத்திருந்தேன்" என்றாள்.

பேராசிரியரே, அந்தச் சத்தம் எந்தக் கடையில் கிடைக்கிறது? விலாசம் சொல்லுங்கள், நானே வரிசையில் நின்று வாங்கி வருகிறேன். நன்றி, வணக்கம்.