மூன்று நாள் மருந்தும் மாயாற்றுப் பாறுகளும்

(கோத்தகிரியில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, ஹட்டிகளிலிருந்து வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, நான்காம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் ஆசிரியர் அவர்களே, இரவுப் பணி முடித்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, மழையில் மைக் செட்டைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றிய தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய மகளிர் குழுவினருக்குத் தனி நன்றி. இந்தக் குளிருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன். வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை. மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி ஒன்று சொல்லுவார்: விருந்தும் மருந்தும் மூன்று நாள்.

முதலில் என் பெரியம்மா கதை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, இந்த மலையில் கொழுந்து எடுத்தவர். முழங்கால் வலி வந்தது. வலிக்கிறது என்று உட்கார்ந்தால் அரைப்பேர்தான் விழும், சம்பளம் பாதி. ஒரு டாக்டரிடம் போனார். அவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எழுதி, ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். வலி நின்றது. பெரியம்மா திரும்பப் போகவில்லை. அந்தச் சீட்டை லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டார்! ரேஷன் கார்டோடு சேர்த்து, பிஸ்கட் டப்பாவில். மாதம் ஒருமுறை மெடிக்கலில் அதைக் காட்டுவார். தேதியை யாரும் பார்க்கவில்லை. சீட்டு மறந்த நாளில் ‘செட்டு மாத்திரை’. நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்களே, அதுதான். உள்ளே என்னவென்று பெயரே இருக்காது.

ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் கால் வீங்கி, மெட்டி விரலில் பதிந்திருந்தது. “டாக்டர் எழுதினதுதானா பெரியம்மா?” என்று கேட்டேன். “எழுதினதுதான் ராசா. இந்தா பாரு, சீட்டு” என்று எடுத்துக் கொடுத்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டு. ரத்தம் சோதித்தால் கிரியாட்டினின் ஏறிக் கிடந்தது. சிறுநீரகம் பழுது. வலி மாத்திரையை நாள்கணக்கில் கண்காணிப்பில்லாமல் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும் என்று டாக்டர் விளக்கினார். பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: “அப்ப எவன் ராசா என்கிட்டச் சொன்னான்?” விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆன்டிபயாடிக்குக்கு வருகிறேன். சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். ஆனால் பாட்டியின் பழமொழியைச் சாக்காக வைத்து மூன்றாம் நாள் நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் ஐந்து நாள் எழுதினால் ஐந்து நாள்.

இப்போது என் மனசுக்குள் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்த அதே டைக்ளோஃபெனாக், நம் மலைக்குக் கீழே மாயாற்றில், செத்த மாட்டைத் தின்னும் பாறு கழுகுகளின் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. மாட்டுக்கு வலி என்று ஊசி போடுகிறோம். மாடு செத்தால் பாறு தின்கிறது. அதன் உடம்பில் யூரிக் அமிலம் உப்பாகப் படிந்து, கழுத்து தொங்கி, சில நாளில் விழுந்துவிடும். 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. 2006இல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். உடனே மனிதனுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனித ஊசியை 3 மில்லி குப்பியாகச் சுருக்கினார்கள். 2023இல் வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடையாயின.

மசினகுடி, வாழைத்தோட்டம் பக்கம் பட்டி மாடு வைத்திருக்கும் சொந்தங்களே, மாட்டு வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, பாறுகளுக்குப் பாதுகாப்பானது. கால்நடை டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாறு போனால் செத்த மாட்டை நாய்தான் தின்னும், நாய் பெருகும். வெறிநாய்க்கடி என்றால் என்னவென்று குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 1907இல் அங்கே பாஸ்டர் நிலையம் வந்ததே அதற்காகத்தான். நீர்மருது மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெண்முதுகுப் பாறு, மருந்துக்கடைச் சீட்டைப் படிக்காது. நாம்தான் படிக்க வேண்டும்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். தூக்க மாத்திரையை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். வாசலில் இரண்டு பிள்ளைகள் காகிதத்தோடு நிற்கிறார்கள். நம் தாலுகாவில் எந்த மெடிக்கலும் மாட்டுக்கென்று டைக்ளோஃபெனாக் தரக்கூடாது, மனிதருக்கும் பழைய சீட்டில் தரக்கூடாது என்று கேட்டு எழுதிய மனு. மேல் பாதி பாறுக்கு, கீழ்ப் பாதி பெரியம்மாவுக்கு. இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள். பேனா அங்கேயே இருக்கிறது. வணக்கம்.