காலி ஓட்ட மட்டும் வச்சு ஆழ்கடல் நத்தைக்குப் பேர் வைக்க முடியுமா?

வணக்கம் மக்களே, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ரெண்டாயிரம் மூவாயிரம் மீட்டர் ஆழத்துல இருந்து அள்ளுன சேத்த சல்லடையில போட்டு அலசுனா உயிரோட நத்தை மாட்டுறது ரொம்ப அபூர்வம், காலி ஓடுதான் நிறைய வரும், அதுலயும் பல ஓடு ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், மைக்ரோஸ்கோப் இல்லாம ஒண்ணும் தெரியாது.

எல்லாரும் உடனே பேரைத் தேடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க, இது அங்கதான் வாழ்ந்துச்சா? ஏன்னா டீரோபாட்னு குட்டி நத்தைங்க இருக்கு, மேல் தண்ணியில நீந்திக்கிட்டே இருக்கும், செத்ததும் ஓடு அப்படியே கீழ விழுந்துரும். கரையோர நத்தை ஓடும் சரிவுல மண்ணோட சரிஞ்சு ஆழத்துக்குப் போயிருக்கலாம். ஓடு பளபளன்னு இருக்கா, தேஞ்சு சுண்ணாம்பு பூத்துப் போயிருக்கா, அதப் பாருங்க.

அடுத்து நுனி. என்னக் கேட்டா ஓட்டுல முக்கியமான இடமே இதுதான், ஏன்னா குஞ்சா இருக்கும்போது கட்டுன ஓடு அந்த உச்சியில அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், ப்ரோட்டோகாங்க்னு சொல்லுவாங்க. பொடிப்பொடியா நெருக்கமா நிறைய சுத்து இருந்தா அந்தக் குஞ்சு தண்ணியில நீந்தி இரை தின்னு வளந்துருக்கும், மொழுக்குன்னு ஒண்ணு ஒன்றரை சுத்தோட நின்னுருச்சுன்னா பொதுவா முட்டைக்குள்ள இருந்த மஞ்சள் கருவ வச்சே வளந்துருக்கும். கொடுமை என்னன்னா ஆழ்கடல்ல பல நத்தைக்கு உயிரோட இருக்கும்போதே அந்த நுனி அரிச்சுப் போயிருக்கும்.

உதடும் பாருங்க. டர்ரிட்னு ஒரு நத்தைக் கூட்டம் இருக்கு, அதுல ஓட்டு வாயோட வெளி உதட்டுல ஒரு வெட்டு மாதிரி வளைவு இருக்கும், உதடு உடைஞ்சிருந்தாலும் கவலைப்படாதீங்க, லைட்ட சாய்ச்சு அடிச்சா ஓட்டு மேல இருக்குற வளர்ச்சிக் கோடு ஒவ்வொண்ணுலயும் அதே வளைவு தெரியும், பாக்கவே அழகா இருக்கும்.

ஆனா மொத்த உருவத்த மட்டும் நம்பாதீங்க ப்ளீஸ். அட்லாண்டிக்ல இருக்குற அசோர்ஸ் தீவுங்க பக்கம் கிடைச்ச ஒரு குட்டித் தொப்பி ஓட்ட 1896ல டாட்சன்பெர்க், ஃபிஷர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க லிம்பெட்னு, அதாவது தொப்பி மாதிரி ஓடு இருக்குற நத்தைன்னு எழுதிட்டாங்க. அது நத்தையே இல்ல! மோனோபிளாக்கோஃபோரான்னு நத்தைக்கு தூரத்துச் சொந்தமான வேற ஒரு மெல்லுடலி, பல கோடி வருஷம் முன்னாடியே அழிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்ச கூட்டம், 1952ல கலாத்தியான்ற டேனிஷ் கப்பல் பசிபிக்ல பிடிச்சப்பதான் இன்னும் இருக்குன்னே தெரிஞ்சுது, இந்த ஓடு அதுக்கும் அம்பது வருஷம் முன்னாடியே கைக்கு வந்துருச்சு. மோனோபிளாக்கோஃபோரான்னா ஓட்டுக்கு உள்பக்கம் தசை ஒட்டுன தடம் ஜோடி ஜோடியா இருக்கணும், லிம்பெட்ல குதிரை லாட வடிவத்துல ஒரே தடம்தான், ஆனா மெல்லிசு ஓட்டுல அது லேசுல தெரியாது.

இன்னொண்ணு ஆல்வினிகாங்கா, கடலடி வெந்நீர் ஊத்துப் பக்கம் வாழுற முடி முளைச்ச நத்தை. 2015ல புதுசா அஞ்சு ஸ்பீஷிஸுக்குப் பேர் வச்சாங்க, ஒண்ணுக்கு பங்க் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பேரு, செம இல்ல? ஓட்டப் பாத்து அதுங்களப் பிரிக்கிறது பெரும்பாடு, பிரிச்சுக் காட்டுனது டிஎன்ஏதான்.

அதனால ஜீனஸ், அதாவது பேரினம் வரைக்கும் தைரியமா எழுதுங்க, அதுக்குள்ள எந்த ஸ்பீஷிஸ்னு சந்தேகமா இருந்தா கேள்விக்குறி போடுங்க, லேபிள்ல ஆழத்தோட சேத்து 'காலி ஓடு'ன்னும் கண்டிப்பா எழுதுங்க, பின்னாடி எடுத்துப் பாக்குறவங்க அது அங்க வாழ்ந்துச்சுன்னு நினைச்சுறக் கூடாது. அடுத்த வீடியோல நத்தையோட பல்லு, ராடுலா பத்திப் பேசலாம், பை மக்களே.