கடன் கட்டி முடிந்தது, கிரிப்பில் மட்டும் நிலுவை: எங்கே போய்க் கேட்பது?

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். ஆட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்திருக்கிறார். தவணை எல்லாம் கட்டி முடித்து, வாகனப் புத்தகமும் கைக்கு வந்துவிட்டது. இப்போது வீட்டுக் கடனுக்காகத் திருகோணமலை டவுனில் ஒரு வங்கிக்குப் போனால், "உங்கள் கிரிப்பில், அதாவது கடன் விபர அறிக்கையில், அந்த லீசிங் இன்னும் நிலுவையில் நிற்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். லீசிங் கொடுத்த பைனான்ஸ் கம்பனியில் கேட்டால், "அது கிரிப்காரரின் பிழை, கொழும்புக்குப் போங்கள்" என்கிறார்களாம். யாரிடம் போவது என்பதுதான் கேள்வி.

கம்பனியிடம்தான் போக வேண்டும். கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள்.

கிரிப் என்று நாங்கள் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அது யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, உங்களுக்குக் கடன் கொடுக்காதே என்று வங்கிக்குச் சொல்வதும் இல்லை. வங்கிகளும் பைனான்ஸ் கம்பனிகளும் அனுப்பும் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கொடுக்கிறது. கணக்கு வாத்தியார் போட்ட புள்ளியைப் பள்ளிக்கூட கிளார்க் திருத்த முடியாது அல்லவா? அதே கதைதான். தகவலை அனுப்பியவர் திருத்தி அனுப்பினால்தான் அறிக்கை மாறும்.

முதலில் அறிக்கையை நீங்களே எடுங்கள். வங்கி அதிகாரி திரையைப் பார்த்து வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்கள் பெறலாம், அதற்கு ஒரு கட்டணம் உண்டு, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். கைக்கு வந்ததும் எந்த நிறுவனம், எந்தக் கடன், எவ்வளவு நிலுவை என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். நீங்கள் பிணை நின்ற கடன்களும் அதில் வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு "இது என் கடனே இல்லை" என்று குதிப்பார்கள். மச்சானுக்காகப் போட்ட கையெழுத்து அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

பிழை எப்படி வந்திருக்கலாம்? எங்கள் பக்கம் பெயரே பெரிய பிரச்சினை. முகம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! அதோடு அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் பன்னிரண்டு இலக்கம். பிறந்த வருடம் நான்கு இலக்கமாகும், நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் சேரும், கடைசி எழுத்து போய்விடும், மற்றதெல்லாம் அதேதான். ஒரு நிறுவனம் பழையதையும் இன்னொன்று புதியதையும் பதிந்திருந்தாலோ, ஓர் இலக்கம் மாறி அடிபட்டிருந்தாலோ குழப்பம் வரலாம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2020 கொரோனா காலத்திலும் தவணையைத் தள்ளிக் கட்டக் கடன் சலுகைக் காலம் கொடுத்தார்கள். அதற்கு ஒப்புதல் கிடைத்தவருக்கு அந்த மாதங்கள் தாமதமாகப் பதிவாகியிருந்தால், ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

நம்ம சகோதரருடைய விஷயத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. கடைசித் தவணை கட்டியபோது ஏதோ ஒரு சின்னக் கட்டணம், தாமத வட்டி மாதிரி, கணக்கில் மிச்சமாக நின்றிருக்கலாம். கணக்கை மூடாமல் விட்டிருப்பார்கள். தொகை சின்னதுதானே, கட்டித் தொலைப்போம் என்று உடனே கட்டிவிடாதீர்கள். எதற்கான பணம் என்று கணக்கு விபரத்தை எழுத்தில் கேளுங்கள். நியாயமான பாக்கி என்றால் கட்டுங்கள், கடன் தீர்ந்தது என்று கடிதமும் வாங்குங்கள். நியாயம் இல்லையென்றால், கட்டுவது அந்தப் பாக்கியை நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் கடிதம். தமிழிலேயே எழுதலாம். ஒப்பந்த இலக்கம், அடையாள அட்டை இலக்கம், அறிக்கையில் எந்த வரி பிழை, அது எப்படி இருக்க வேண்டும், இவ்வளவும் போதும். கோபத்தை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கடைசி ரசீது, கடன் தீர்த்த கடிதம், வாகனப் புத்தகத்தின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளராக இருந்த கம்பனியின் பெயர் நீக்கப்பட்டிருந்தால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குத் தேவையில்லை. பாக்கி வைத்தவருக்கு எந்தக் கம்பனி புத்தகத்தை விட்டுக்கொடுக்கும்? கடிதத்தைக் கிளையில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தலைமை அலுவலகத்துக்கு ஒரு பிரதி பதிவுத் தபாலில் போகட்டும். கிரிப்பிடமும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் அவர்களும் அந்தக் கம்பனியிடம்தான் கேட்பார்கள்.

பதிலே இல்லையா? மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் முறைப்பாடுகளைப் பார்க்கத் தனித் திணைக்களம் உண்டு. 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். திருகோணமலையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பாருங்கள். வங்கி, பைனான்ஸ் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்பட்ஸ்மனிடமும் போகலாம், ஆனால் நிறுவனத்திடம் முதலில் முறையிட்டீர்களா என்று அங்கே கேட்பார்கள். முத்திரை வாங்கச் சொன்னது அதற்காகவும்தான்.

இன்னொன்று. "கிரிப் கிளியர் பண்ணித் தருகிறோம்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடுகிறவர்களுக்கு ஒரு சதம்கூடக் கொடுக்காதீர்கள். பிழையைத் திருத்தக் கம்பனிக்கு உங்கள் கடிதமே போதும். உண்மையாகவே தவணை தாமதித்திருந்தால் அதை யாராலும் அழிக்க முடியாது.

சரி, வீட்டுக் கடன். வங்கியில் உங்கள் விண்ணப்பத்தை மூடிவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பிழை தங்களுடையது, திருத்தி அனுப்பிவிட்டோம் என்று கம்பனி எழுத்தில் கொடுத்தால், அறிக்கை மாறும் வரை காத்திருக்காமல் அந்தக் கடிதத்தை மனேஜரிடம் கொடுங்கள். சிலர் அதை வைத்தே வேலையைத் தொடங்குவார்கள், சிலர் புது அறிக்கை வரட்டும் என்பார்கள்.