ரோலர் ஓட்டியும் தரை ஏன் இறங்குகிறது?

[காட்சி: மழை விட்ட காலை. பார்க்கிங் தரையில் நீளமாக ஒரு பள்ளம், நிறையத் தண்ணீர்.]

வணக்கம். பேவர் பிளாக் பதித்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. கல் ஒன்றுகூட உடையவில்லை, அடியில் இருக்கும் மண்தான் இறங்கிவிட்டது. ரோலர் ஓட்டவில்லையா என்றால், ஓட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்றரை அடி மண்ணை ஒரே தடவையில் கொட்டிவிட்டு மேலே ஓட்டினார்கள். மேல்பரப்பு மட்டும் கல்லாட்டம் ஆனது.

[காட்சி: ஸ்கிட் ஸ்டீர் லோடர். பக்கெட்டைக் கழற்றி வைப்ரேட்டரி ரோலரை மாட்டுகிறார்கள்.]

இது ஸ்கிட் ஸ்டீர் லோடர், மண் அள்ளும் சின்ன வண்டி. நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டியானாலும் ‘பாப்கேட்’ என்றுதான் சொல்கிறோம். பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டுவது வைப்ரேட்டரி ரோலர், அதாவது அதிரும் ரோலர். பெரிய ரோலர் நுழையாத காம்பவுண்டுக்குள்ளும், குழாய் பதித்து மூடிய பள்ளத்திலும், வீட்டு நடைபாதையிலும் இந்த இணைப்பு அருமையாக வேலை செய்யும். வண்டியின் ஆக்ஸிலரி ஹைட்ராலிக்கில், அதாவது இணைப்புகளுக்கு எண்ணெய் அழுத்தம் தரும் வாயில், ரோலரின் இரண்டு ஓஸ்களை மாட்ட வேண்டும். சில மாடல்களில், ரோலரின் மோட்டாருக்குள் கசியும் எண்ணெயைத் திருப்பி அனுப்ப, கேஸ் டிரெயின் என்று மெல்லியதாக மூன்றாவது ஓஸ் இருக்கும். அதை மாட்டாமல் விட்டால் மோட்டாரின் சீல் போய்விடும்.

[காட்சி: டிரம்மின் உள்பக்கப் படம். நடுத்தண்டில் ஒரு பக்கமாகக் கனம்.]

டிரம்முக்குள் சுற்றும் தண்டில் எடை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கிறது. அது வேகமாகச் சுற்றும்போது டிரம் நிமிடத்துக்கு 2000 தடவைக்கு மேல் அதிர்கிறது. படியில் அரிசி அளக்கும்போது பக்கத்தில் தட்டினால் அரிசி இறங்கி இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும் அல்லவா? மணலும் கிராவலும் அப்படித்தான். அதிர்வில் துகள்களுக்கு இடையே உராய்வு குறைந்து, ஒன்றின் சந்தில் இன்னொன்று போய் உட்காரும்.

களிமண் வேறு ஜாதி. அதைத் தட்டினால் இறங்காது, மாவு மாதிரிப் பிசைய வேண்டும். அதற்குத்தான் முண்டு முண்டாகக் கால் வைத்த பேட்ஃபுட் டிரம். கிராவலுக்கு வழவழப்பான டிரம் போதும்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். இந்த அளவு ரோலரின் அதிர்வு ரொம்ப ஆழம் போகாது. அதனால் அரை அடிக்கு மேல் ஒரு அடுக்கு போடாதீர்கள். ஒன்றரை அடி நிரப்ப வேண்டுமா? மூன்று அடுக்காகப் போடுங்கள்.

[காட்சி: நெருக்கத்தில் ஒரு கை. மண்ணை அள்ளி உருண்டை பிடிக்கிறது.]

அடுத்தது ஈரம். மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கை நனைந்தால் அதிகம். உருண்டை நிற்கிறதா? இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. ஈரம் மிஞ்சிய களிமண்ணில் ரோலர் போனால் தரை மெத்தை போல அமுங்கி எழும். அதன்மேல் எத்தனை தடவை ஓட்டினாலும் டீசல்தான் வீண். காயவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

[காட்சி: வண்டி நேராக முன்னே போய், அதே தடத்தில் பின்னே வருகிறது.]

ஓட்டும்போது ஒரு விஷயம். இந்த வகை வண்டிக்கு அடித்தளம் போட்டவர்கள் லூயி, சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1957-ல் வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்யத்தான் அதைக் கட்டினார்கள். இடுக்கில் நின்ற இடத்திலேயே திரும்புவதுதான் அதன் பலம். கெட்டிப்படுத்திய மண்ணில் அதே பலம் கெடுதலாகிவிடுகிறது. சக்கரம் சறுக்கித் திரும்பும்போது, இப்போதுதான் இறுக்கிய பரப்பைக் கிழித்துவிடும். ஆகவே நேராகப் போய் நேராகவே பின்னால் வாருங்கள். திரும்புவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடமும் முந்தையதன்மேல் அரை அடி ஏறட்டும். நடைவேகம் போதும். வண்டி நிற்பதற்கு முன்பே அதிர்வை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டிரம் நின்ற இடத்தில் குழி விழும்.

பழைய சுவர், கிணறு பக்கத்தில் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே கையால் தள்ளும் பிளேட் காம்பாக்டர், அதுவும் முடியாவிட்டால் திமிசுக் கட்டை.

எப்போது போதும்? டிரம் துள்ள ஆரம்பித்தால் தரை இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓட்டினால் ஜல்லி நொறுங்கி மேல்பரப்பு மறுபடி தளரும்.

[காட்சி: சிறு குழி, அதன்மேல் மணல் நிரப்பிய உருளை.]

கண்ணை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியில் மணல் ஊற்றிக் கொள்ளளவு கண்டுபிடிப்பார்கள். மண்ணின் ஈரத்தைக் கழித்தால் உலர் அடர்த்தி கிடைக்கும். லேபில் அந்த மண்ணுக்கு அதிகபட்ச உலர் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.90 கிராம் என்றும், உங்கள் தளத்தில் 1.73 என்றும் வந்தால் 91 சதவீதம். சாலை சப்கிரேடுக்கு, அதாவது சாலையின் அடித்தள மண்ணுக்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி கேட்பது 97. அங்கே 91 வந்தால் அந்த அடுக்கைக் கிளறி, ஈரத்தைச் சரிசெய்து, மறுபடி ஓட்டுங்கள். அதுவரை அடுத்த லோடு மண் லாரியிலேயே இருக்கட்டும்.